அடுப்புக்குப் போன கட்டைகள்

அப்பாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை கட்டிலுக்கு நாடா இழுத்தது. 1971 ஜனவரி 10, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி. பொங்கலுக்கு வீடு ஒழித்துக்கொண்டிருந்தோம். தொய்ந்துபோன நாடாவை முழுவதும் அவிழ்த்து, உதறி, மறுபடி பின்னினோம். இழுப்பது நான். இழுத்தது நழுவாமல் சட்டத்தோடு சேர்த்துக் கட்டைவிரலால் அழுத்திப் பிடிப்பது அப்பா. அவருக்கு மூச்சு அவ்வளவுதான் இருந்தது. ஐந்து வரிசைக்கு ஒருமுறை நிறுத்தினார்.

"இழு அம்சா. இன்னும் இழு. இன்னா, கவர்மெண்டு ஆபீஸ்ல சோறு போடறதில்லையா?"

"போடறாங்க. நீ பிடிய விடாதப்பா."

பின்னி முடித்தபின் எட்ட உட்கார்ந்து பார்த்தார். ஓரிடத்தில் நாடா இரட்டையாக விழுந்திருந்தது. அவிழ்த்துப் போடட்டுமா என்று கேட்டேன். "வேணாம். அங்கதான் கண்ணு நிக்குது" என்றார். புதன்கிழமை அதே கட்டிலில் இறந்தார். வயது அறுபது. மார்பு நோய்.

ராபர்ட்சன்பேட்டையில் படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருக்கும் பாண்டுரங்கன் இதைப் படிக்க வேண்டும். அதற்காகவே எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம். பாண்டுரங்கனுக்கு என்னைவிட இருபது வயது கூட. ஆனாலும் அவன் என்றுதான் எழுதுவேன்.

அப்பாவின் பெயர் ஏகநாதன். நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் டிம்பர் மேஸ்திரி. கீழே பாறை இறங்காமல் மரத்தால் முட்டுக் கொடுப்பது அவர் வேலை. பதினேழு வயதில் கேஜ் என்ற இரும்புக் கூண்டில் இறங்கியவர், ஐம்பத்தெட்டில் ஏறி வந்தார். நடுவில் படித்தது ஒன்றுமில்லை. தமிழ் எழுதுவார். கன்னடம், தெலுங்கு பேசுவார். ஓவியம் என்று யாரிடமும் ஒரு நாள்கூடக் கற்கவில்லை.

ஆழத்தில் பாறை நகரும். கண்ணுக்குத் தெரியாது, மரத்துக்குத் தெரியும். ஓர் ஆள் கட்டிப்பிடிக்க முடியாத முட்டுக்கட்டை இரண்டு வருடத்தில் பாதி உயரத்துக்கு நசுங்கிவிடும். உள்ளே இருக்கும் ரேகைகள் துணி மடிவதுபோல் மடிந்து ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கும். அப்படிப்பட்ட கட்டையைக் கழற்றிவிட்டுப் புதியது வைப்பார்கள். பழையது மேலே வந்து, துண்டாகி, வீடுகளுக்கு விறகாகப் போகும். எங்கள் வீட்டுக்கும் வந்தது.

சுரங்கம் சர்க்கார் கைக்கு வந்த 1956-ஆம் வருடம், அம்மா அப்பாவின் ஈர வேட்டியை விறகு அடுக்கின்மேல் காயப்போட்டாள். மேலே இருந்த கட்டையில் அடுப்புக் கரி படிந்திருந்தது. வேட்டி காய்ந்ததும் அதில் கட்டையின் ரேகை முழுவதும் இறங்கியிருந்தது. அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அப்பா அந்த வேட்டியைத் துவைக்க விடவில்லை. ஆணி அடித்துச் சுவரில் மாட்டினார்.

"பாப்பம்மா, இத தண்ணியில போட்ட, நான் சும்மா இருக்கமாட்டேன்."

"ஊர்ல ஆம்பளைங்க சாமி படம் மாட்றாங்க. என் வூட்ல அழுக்கு வேட்டி" என்றாள் அம்மா.

அதுதான் முதல் அச்சு. அதற்குப்பின் பதினான்கு வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் வேறு வேலை அவருக்குக் கிடையாது. கட்டையைக் குறுக்கே அறுப்பார். இழைப்பார். பழைய கார்பைடு விளக்கின் புகையைத் தகரத்தில் பிடித்து, கரியைச் சுரண்டி, ஆளிவிதை எண்ணெயில் குழைத்து மை செய்வார். காற்றுக் குழாயின் ரப்பரை மரக்கோலில் மாட்டி உருளை செய்திருந்தார். காகிதத்தைக் கட்டைமேல் வைத்து எனாமல் குவளையின் அடியால் தேய்ப்பார். ஒரு கட்டைக்கு மூன்று காகிதம். நான்காவது கிடையாது. ஏனென்றால் அம்மா காத்திருப்பாள்.

"அச்சு ஆச்சா? உலை வைக்கணும்."

"ஒண்ணு கீது, இரு."

கட்டை அடுப்புக்குப் போகும். அப்பா அச்சின் பின்புறம் பென்சிலால் எழுதுவார்: சுரங்கத்தில் எந்த லெவல் ஆழம், என்ன தேதி, மூன்றில் எத்தனையாவது. கடைசியாக, அந்தக் கட்டையில் என்ன வெந்தது என்பது. கட்டை எரிந்து முடிந்தபின்தான் அவர் கணக்கில் படம் முடிந்தது.

அவற்றில் மரம் தெரியாது, பாறை தெரியாது. இன்னது என்று கைகாட்ட ஒன்றும் இருக்காது. கறுப்பு, வெள்ளை, நெருக்கம், இடைவெளி. எந்தப் பக்கத்தை மேலே வைப்பது என்பதை அவர் நாள் முழுவதும் யோசிப்பார். அவரோடு கீழே வேலை செய்த ஏனோக் மாமா வந்து பார்த்துவிட்டு, "இன்னா மேஸ்திரி, இது என் மாமியா மூஞ்சி மாதிரி கீது" என்பார். "அப்ப கிட்ட போய் உத்துப் பாரு, திட்டும்" என்பார் அப்பா. ஒருமுறை ஏனோக் மாமா சிரிப்பை நிறுத்திவிட்டு வெகுநேரம் ஒரு படத்தின்முன் நின்றார். "இங்க நான் இருந்திருக்கேன்" என்றார். எந்த இடம் என்று அவராலும் சொல்ல முடியவில்லை.

இனி கையெழுத்து. அதில்தான் எல்லாம் கெட்டது.

சுரங்கத்தில் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு பித்தளை டோக்கன். உள்ளங்கை நடுவில் அடங்கும் வட்டம், நம்பர் பள்ளமாக வெட்டியிருக்கும். இறங்கும்போது டைம் ஆபீசில் டோக்கனைக் கொடுத்து விளக்கு வாங்க வேண்டும். ஏறி வந்தபின் விளக்கைக் கொடுத்து டோக்கனை வாங்க வேண்டும். ஷிப்ட் முடிந்தும் பலகையில் ஒரு டோக்கன் தொங்கினால், அந்த ஆள் இன்னும் கீழே இருக்கிறார். அப்போது யாரும் பெயரைக் கூப்பிடுவதில்லை. நம்பரைத்தான் கத்துவார்கள். அப்பாவின் நம்பர் 3619.

அவர் படத்தில் பெயர் எழுதவில்லை. டோக்கனிலேயே மை தடவி வலது கீழ்மூலையில் அழுத்தினார். கறுப்பு வட்டம் விழும். நம்பர் வெள்ளையாக, இடவலம் மாறி விழும். தெரிந்தவர் பார்த்தால் நம்பர். தெரியாதவர் பார்த்தால் ஏதோ கீறல் உள்ள கறுப்பு நிலா.

1960-இல் ஒரு படத்துக்குச் சட்டம் போட அப்பா பாண்டுரங்கனின் கடைக்குப் போனார். அவன் படத்தை வாங்கிப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான். காலண்டர் அடிக்கும் தடித்த காகிதம் தன்னிடம் வீணாகக் கிடக்கிறது என்றான். வேண்டிய மட்டும் எடுத்துக்கொள்ளலாம், பதிலுக்கு ஒவ்வொரு கட்டையிலும் மூன்றாவது அச்சு தனக்கு என்றான். அப்பாவுக்குக் காகிதம்தான் அப்போது பெரிய குறை. சந்தோஷமாக ஒப்புக்கொண்டார். அடுத்த பத்து வருடத்தில் நூற்று நாற்பத்தேழு கட்டைகள். நூற்று நாற்பத்தேழு மூன்றாவது அச்சுகள் அந்தக் கடைக்குப் போயின.

நான் பாலிடெக்னிக்கில் வரைபடம் படித்தேன். 1966-இலிருந்து கோலாரில் சர்க்கார் அலுவலகம் ஒன்றில் டிராஃப்ட்ஸ்மேன். தினமும் பஸ். 1968-இல் அலுவலகத்துக்கு வந்த கன்னடப் பத்திரிகையில் ஒரு புகைப்படம். பெங்களூரில் நவீன ஓவியக் கண்காட்சி, முதல் பரிசு, பாண்டுரங்கன், ராபர்ட்சன்பேட்டை. அவன் படத்தின் பக்கத்தில் கைகட்டி நின்றிருந்தான். மூலையில் கறுப்பு வட்டம். டிரேசிங் தாளைத் திருப்பிப்போட்டுப் படிப்பது என் தினசரி வேலை. பூதக்கண்ணாடியை வைத்தேன். 3619.

அன்று அரைநாள் லீவு போட்டேன். அப்பாவையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். அவன் முருகன் படத்துக்குக் கண்ணாடி அறுத்துக்கொண்டிருந்தான்.

"வாங்க மேஸ்திரி. வாம்மா. காபி சொல்லட்டுமா?"

பத்திரிகையை அவன்முன் விரித்தேன். "இது யாருது?"

"நம்ம படந்தான்."

"நம்மன்னா?"

"நீ படிச்ச பொண்ணு, சொன்னா புரியும். சுரங்கத்துல கட்டை வைக்கிற ஆளுன்னு போட்டா பெங்களூர்ல எவன் நின்னு பாப்பான்? வெறகுக் கடைக்காரன் வந்துட்டான்னு சிரிப்பான். என் பேர்ல போச்சு. உள்ள போயிடிச்சா இல்லையா?"

"பரிசு?"

"ஒரு பித்தளைத் தட்டு. வேணுமா? எடுத்துக்கினு போ. சாமிக்குப் பூ வெக்கலாம்."

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா கேட்டார். "பாண்டு, நம்பர வெட்டலியே?"

"ஐய, வெட்டுவனா மேஸ்திரி! அங்க வரவங்க அதத்தான் முதல்ல பாக்கறாங்க."

"அப்ப சரி" என்றார் அப்பா. அன்றும் ஒரு கட்டுக் காகிதம் வாங்கிக்கொண்டார்.

வழியில் நான் அவரோடு சண்டை போட்டேன். கடைத்தெருவில், ஆட்கள் பார்க்க.

"உன் பேரே இல்லப்பா."

"நம்பர் கீதே."

"அத யாரு படிப்பாங்க?"

"படிக்கத் தெரிஞ்சவன் படிப்பான். கீழ நான் மாட்டிக்கினா, தேடறவன் பேரா கேப்பான்? பலகைய பாப்பான். நம்பர் இருந்தா ஆள் இருக்கான். அவ்வளவுதான்."

சுரங்கத்தில் நாற்பது வருடம் உயிரைக் காத்த ஒரு வழக்கத்தை, மேலே வெளிச்சத்திலும் எல்லோரும் மதிப்பார்கள் என்று நினைத்தார். சுரங்கத்து ஆள் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது. பாண்டுரங்கன் சுரங்கத்து ஆள் இல்லை. ஆனால் இருபது வருடமாகச் சுரங்கத்து ஆட்களோடு வியாபாரம் செய்தவன். நம்பர் என்னவென்று அவனுக்குத் தெரியும். தெரிந்தே பெங்களூரில் அதை நிலா என்று சொன்னான். படங்களுக்குப் பெயர்களும் வைத்தான். பென்சில் எழுத்து இருந்த பின்புறத்தை அட்டையில் ஒட்டிவிட்டான்.

1969-இல் அப்பா ஓய்வுபெற்றார். விளக்கு, பூட்ஸ், தொப்பி எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தார். டோக்கனைக் கொடுக்கவில்லை. கடைசி வருடம் ஏனோக் மாமா கட்டை கொண்டுவந்தார். 1970 ஆகஸ்டுக்குப்பின் குவளையைத் தேய்க்கக் கையில் பலம் இல்லை.

சாவுக்குப் பாண்டுரங்கன் ரோஜா மாலையோடு வந்தான். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் மறுபடி வந்தான். கையில் அப்பாவின் போட்டோ. தேக்குச் சட்டம், கண்ணாடி, எல்லாம் போட்டு.

"மேஸ்திரிக்கு என்னால முடிஞ்சது" என்றான். பிறகு பரண் பக்கம் பார்த்தான். "மீதிப் படங்க இங்க கெடந்தா கரையான் தின்னுடும். என்கிட்ட குடுங்க, பத்திரமா வெச்சிக்கறேன்."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் திருப்புளி எடுத்து வந்து, சட்டத்தைக் கழற்றி, போட்டோவை மட்டும் எடுத்துக்கொண்டேன். சட்டத்தையும் கண்ணாடியையும் அவன் கையில் கொடுத்தேன்.

"இன்னாம்மா இது?"

"உங்களுது. கீழ போடாதீங்க. ஒடஞ்சிடும்."

ஜூனில் அவனுடைய தனிக் கண்காட்சி பெங்களூரில் என்று அழைப்பிதழ் அச்சாகி வந்தது. அறுபது படங்கள். எங்களுக்கு அனுப்பவில்லை. பஜாரில் ஒருவர் கொண்டுவந்து காட்டினார். நான் பத்து நாள் லீவு எழுதிக் கொடுத்தேன். பரணிலிருந்த படங்களை எல்லாம் இறக்கி, கட்டை வாரியாக, தேதி வாரியாக அடுக்கிப் பட்டியல் எழுதினேன். அப்பா செத்ததற்கு நான் அதுவரை அழவில்லை. அப்போதும் அழவில்லை. வேலை இருந்தது.

திறப்பு நாளன்று ஏனோக் மாமாவை அழைத்துக்கொண்டு ரயிலில் போனேன். மண்டபத்தில் முப்பது நாற்பது பேர் இருந்தார்கள். பாண்டுரங்கன் ஜிப்பாவில் இருந்தான். கண்காட்சி நடத்தும் சங்கத்தின் செயலாளர் வயதான ஓர் அம்மையார், தமிழ் நன்றாகத் தெரிந்தவர். நேரே அவரிடம் போனேன். அவருடைய கைப்பையிலிருந்த முகம் பார்க்கும் கண்ணாடியை வாங்கி, ஒரு படத்தின் மூலையில் பிடித்தேன். அவர் நம்பரைப் படித்தார். என் கையிலிருந்த டோக்கனையும் படித்தார். பாண்டுரங்கனைக் கூப்பிட்டார்.

அவன் அசரவில்லை. இரண்டே மூச்சில் கதை கட்டினான்.

"ஆமாம், அது ஏகநாதன் டோக்கன்தான். பாவம், என்கிட்ட கட்டை கொண்டாந்து போடுவார். நல்ல மனுஷன். அவர் ஞாபகமா இருக்கட்டும்னு நான்தான் அவர் டோக்கனை அச்சடிச்சேன்."

கேட்டவர்கள் தலையாட்டினார்கள். ஒருவர் "எவ்வளவு பெரிய மனசு" என்றார்.

"கட்டை போடற ஆளா?" ஏனோக் மாமா முன்னால் வந்தார். "டேய், உருளை எந்தப் பக்கம் உருளும்னு தெரியுமாடா உனக்கு?" நான் அவர் கையைப் பிடித்தேன். அடித்துவிட்டால் பேச்சு அடியைப் பற்றியதாகிவிடும்.

செயலாளரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். ஒரு படத்தை அட்டையிலிருந்து பிரிக்க அனுமதி. எந்தப் படம் என்பதை அவரே சொல்லட்டும். மை எண்ணெய் மை, நனைந்தால் கலங்காது. ஒட்டியிருப்பது மைதாப் பசை. சாமி படத்துக்குப் போடுகிற அதே பசை. கெட்டால் என் சம்பளத்தில் ஈடு கட்டுகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன்.

பாண்டுரங்கன் அப்போதுதான் முதல்முறையாக வியர்த்தான். "படம் பாழாயிடும்மா" என்றான்.

செயலாளர் வாசலுக்குப் பக்கத்தில் இருந்ததைக் காட்டினார். கீழே சீட்டில் பெயர்: 'பிரபஞ்ச மௌனம்'. படத்தைக் குப்புறப்போட்டு, வெந்நீரில் நனைத்த துண்டை அட்டைமேல் விரித்தேன். கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பன்னிரண்டு நிமிடம். ஒருவரும் நகரவில்லை. மூலையைத் தூக்கினேன். அட்டை வழுக்கிக்கொண்டு வந்தது. ஈரப் பசையை விரலால் வழித்தேன்.

பென்சில் எழுத்து அப்படியே இருந்தது. செயலாளர் உரக்கப் படித்தார்.

"ஐம்பத்தெட்டாம் லெவல், வடக்கு. 11-8-63. மூன்றில் மூன்றாவது. மொச்சக்கொட்டைக் குழம்பு. பாதி வெந்தப்ப மழை, அம்சா நனைஞ்சிக்கினு விறகு எடுத்து உள்ள போட்டா."

ஒரு பையில் இருந்து அதே கட்டையின் முதல் இரண்டு அச்சுகளை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அதே எழுத்து. அதே குழம்பு.

"நீங்க வெச்ச குழம்பா பாண்டு அண்ணே?" என்றேன். "எந்த அடுப்புல வெச்சீங்க?"

முதலில் சிரித்தது ஏனோக் மாமா. பிறகு யாரோ ஒரு பெண். பிறகு மண்டபமே. பிரபஞ்ச மௌனம் என்று சீட்டைப் படித்துப் படித்துச் சிரித்தார்கள். அவன் காது மடல் சிவந்ததைப் பார்த்தேன். அந்தச் சிரிப்பு எனக்கு இனித்தது. இப்போதும் இனிக்கிறது. இன்னும் கொஞ்சம் நேரம் அவர்கள் சிரித்திருக்கலாம்.

ஆனால் அவன் வியாபாரி. சிரிப்பு அடங்கியதும் சொன்னான்: "ஏதோ கைமாறி அவர் படம் ஒண்ணு கலந்திருக்கு. மத்ததெல்லாம் என்னுது."

அன்று அறுபதையும் பிரிக்கச் சங்கம் சம்மதிக்கவில்லை. கண்காட்சியை மூடினார்கள். விசாரணை அக்டோபரில் என்று கடிதம் வந்தது. வீட்டிலுள்ள அச்சுகளோடும் டோக்கனோடும் நான் நேரில் வர வேண்டும். டோக்கனின் விளிம்பில், துளைக்குப் பக்கத்தில், 1959-இல் ஒரு விரிசல் விழுந்தது. வருடா வருடம் நீண்டது. ஒவ்வொரு அச்சிலும் அது எவ்வளவு நீளம் என்று அளந்து வைத்திருக்கிறேன். எங்கள் வீட்டு அச்சின் அளவும் அவன் சுவரிலிருந்த அச்சின் அளவும் ஒன்றாக இருந்தால், இரண்டும் ஒரே நாளில் ஒரே கையால் அடித்தவை. நூற்று நாற்பத்தேழையும் இப்படிப் பொருத்துவேன். விற்றுப்போனவற்றை வாங்கியவர்கள் வீட்டுக்கே போவேன். ஒவ்வொரு சீட்டிலும் அவன் பெயரை எடுத்துவிட்டு ஏகநாதன் என்று எழுத வைப்பேன். அதுவரை அவன் கடை வாசலை நான் கடக்கும்போதெல்லாம் நின்று ஒரு நிமிடம் பார்ப்பேன். தினமும் செய்கிறேன். பஸ் ஸ்டாண்டுக்கு அதுதான் வழி.

போன சனிக்கிழமை மத்தியானம் டைம் ஆபீஸ் கிளார்க் கோவிந்தன் வீட்டுக்கு வந்தார். வெயிலில் நடந்து வந்திருந்தார். அம்மா மோர் கொடுத்தாள்.

"அம்சா, உங்கப்பா டோக்கன் கீதா?"

"எதுக்கு மாமா?"

"ரிட்டயர் ஆன நாள்லேர்ந்து என் புஸ்தகத்துல அந்த வரி காலியா நிக்குது. திங்கக்கிழம, திங்கக்கிழமன்னு உங்கப்பா ஒண்ணரை வருஷம் ஓட்டினார். அவர் மூஞ்சிக்காக விட்டேன். இப்ப தசரதன்னு ஒரு பையன் டிம்பர்ல சேர்ந்திருக்கான். அந்த நம்பர்தான் அவனுக்கு. டோக்கன் இல்லாம சீட்டு எழுதிக் குடுத்து எறக்கறேன். சீட்டு நனையுது, கிழியுது. ஒருநாள் ஏதாவது ஆச்சுன்னா பலகையில இன்னாத்த பாக்கறது?"

"வீட்ல தேடிப் பாத்தேன். இல்ல" என்றேன். அம்மா உள்ளே போய்விட்டாள்.

கோவிந்தன் என்னை நம்பவில்லை. வற்புறுத்தவும் இல்லை. "போன டிசம்பர்ல சத்தியம் பண்ணார்மா. பொங்கல் கழிச்சி முதல் திங்கக்கிழமை கையில குடுக்கறேன்னு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்பா சத்தியத்தை மறக்கவில்லை. இறந்த அன்று ஆணியில் தொங்கிய சட்டையின் பையில் டோக்கன் இருந்தது. மையைத் துடைத்து, புளி போட்டு விளக்கி, காலண்டர் காகிதத்தில் மடித்து வைத்திருந்தார். மேலே பென்சிலால் எழுதியிருந்தார்: கோவிந்தன், டைம் ஆபீஸ். 18-1-71, திங்கள், காலை ஒன்பது மணிக்குள்.